ஊட்டித் தைலக் கடை: எந்தப் பாட்டிலுக்குக் காசு கொடுக்கலாம்?

சேரிங் கிராஸ், கமர்ஷியல் ரோடு, தொட்டபெட்டா போகிற வழி என்று எங்கே நின்றாலும் தைலக் கடையில் அடுக்கியிருப்பது ஏறக்குறைய ஒரே நாலு பாட்டில்தான்: நீலகிரி தைலம், விண்டர்கிரீன், லெமன்கிராஸ், பிறகு 'மூட்டுவலி நிவாரணி' என்ற ஏதோ ஒரு கலவை. முதல் இரண்டும் வாங்கத் தக்கவை. லெமன்கிராஸை வீடு துடைக்கிற தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் மணக்கும், அவ்வளவுதான். நாலாவதுக்குப் பிறகு வருவோம்.

நீலகிரி தைலம் என்பது யூகலிப்டஸ் எண்ணெய், உள்ளூர் வழக்கில் கற்பூர மரத் தைலம். 1843 வாக்கில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய மரம் இது. உதிர்ந்த இலையைப் பொறுக்கி வந்து, அண்டாவில் தண்ணீரோடு திணித்து, மூடி, கீழே காய்ச்சி முடித்த சக்கை இலையையே எரித்துக் காய்ச்சுகிறார்கள். குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் குழாய் வழியாக ஆவி இறங்கித் திரவமானதும் எண்ணெய் தண்ணீர்மேல் மிதந்து நிற்கும். 100 கிலோ இலைக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான் தைலம் கிடைக்கும். அடியில் தண்ணீர் வற்றினால் இலை கருகி, எண்ணெயில் புகை வாடை ஏறிவிடும். மூடியைத் திறந்ததும் அந்த வாடை அடித்தால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தைலம் காய்ச்சும் கொட்டகையில் நேராக வாங்கினால்தான் சுத்தம் என்று பலர் நம்புகிறார்கள். ஆவி பிடிக்க அது சரிப்படாது. முதல் காய்ச்சலில் வரும் எண்ணெயில் இருமலைக் கிளப்பும் ஆல்டிஹைடுகள் கலந்திருக்கும். மறுபடி வாலையில் வடித்தால்தான் அவை நீங்கும். மருந்துத் தர எண்ணெயில் அதன் முக்கியச் சத்தான சினியோல் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது பிரிட்டிஷ், ஐரோப்பிய மருந்து நூல்களின் அளவு. லேபிளில் இந்த அளவும் மருந்து உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். கலப்படம் பார்க்க வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடலாம். காய்ந்த பிறகும் எண்ணெய்க்கறை நின்றால் பாரபின் கலந்திருக்கிறது. டர்பன்டைன் கலந்தால் கறை நிற்காது. ஆனால் பெயிண்ட் கடை வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

பயன்பாடு: அடுப்பிலிருந்து இறக்கிய ஒரு லிட்டர் வெந்நீரில் 2 அல்லது 3 சொட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம். ஒரு மூடி நிறைய ஊற்றினால் கண்ணும் மூக்கும் எரியுமே தவிர சளி சீக்கிரம் இறங்காது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு வரலாம். குழந்தைகளுக்கு ஆவியே வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவதுதான் அடிக்கடி நடக்கிறது. மேலுக்குத் தேய்க்க 100 மி.லி. தேங்காய் எண்ணெயில் 5 மி.லி. போதும். மூக்கடைப்பும் தலைபாரமும் கொஞ்ச நேரம் விடும். கிருமி சாகும் என்றெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

சர்க்கரையில் ரெண்டு சொட்டு விட்டுச் சாப்பிடச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. கேட்காதீர்கள். ஜெர்மனியில் சினியோலைப் பிரித்து 200 மி.கி. காப்ஸ்யூலாக சைனஸுக்குக் கொடுக்கிறார்கள். அங்கே அளவு தெரியும், இந்தப் பாட்டிலில் தெரியாது. 5 மி.லி. உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு அரை மணி நேரத்துக்குள் மயக்கமும் வலிப்பும் வரலாம். அப்படி ஆனால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

விண்டர்கிரீன் தைலத்தைச் சோதிப்பது சுலபம். டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் முத்துப்போலத் திரண்டு அடிக்குப் போக வேண்டும். மிதந்தால் வேறு எண்ணெய் கலந்தது. ஏறக்குறைய முழுதும் மெத்தில் சாலிசிலேட் இது. இலையில் வடித்ததும் ஆலையில் செய்ததும் உடம்புக்கு ஒன்றுதான், 'இயற்கை' என்று கூடுதல் விலை கொடுப்பது வீண். சுளுக்கு, தசைவலிக்கு நன்றாகவே கேட்கும்: 100 மி.லி. எண்ணெயில் 2 மி.லி. போதும். தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் தோல் புண்ணாகும், மருந்தும் அதிகமாக உள்ளே இறங்கும். ஆஸ்பிரினின் இனத்தைச் சேர்ந்தது என்பதால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் தொடக் கூடாது. ஒரு டீஸ்பூன் குடித்தால் 325 மி.கி. ஆஸ்பிரின் இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். வோலினி ஜெல்லிலும் வலி மருந்தான டைக்ளோஃபினாக்கோடு இதே மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. ரெண்டையும் ஒரே முட்டியில் பூசி என்ன பயன்?

நாலாவது பாட்டிலில் என்ன எவ்வளவு என்று எழுதியே இருக்காது. சர்க்கரை, பிரஷர், பக்கவாதம் வரை தீரும் என்று அட்டை மட்டும் தொங்கும். அப்படி விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டு மாய மருந்துச் சட்டப்படி குற்றம். நாட்டு மருந்துதான் வேண்டும் என்றால் அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவில் பேர் சொல்லி, அளவு சொல்லி, இலவசமாகவே கொடுப்பார்கள்.

மலையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேயிலைக் காட்டிலோ விறகுக்கோ போய்வந்தவருக்குக் கடுங்காய்ச்சலும் தலைவலியும் என்றால் தைலம் தேய்த்துப் படுக்கவைப்பதில் நாள் போகக் கூடாது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். புதரில் இருக்கும் சின்ன உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சீக்கிரம் கேட்கும். தள்ளிப்போட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் மாட்டிக்கொள்ளும். பொருக்கு இல்லை என்பதாலும் விட்டுவிட முடியாது, எல்லோருக்கும் அது வருவதில்லை. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய் இருக்கிறதா என்று சளிப் பரிசோதனை, அதுவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். நாய் கடித்த இடத்தில் எந்த எண்ணெயும் வேண்டாம், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி.

வாங்கும் அளவு 50 மி.லி. போதும். லிட்டர் கேன் மலிவுதான்; ஆனால் திறந்து திறந்து மூடினால் காற்றுப் பட்டு எண்ணெய் கெட்டு, தோலில் அரிப்பைத் தரும். பழுப்புக் கண்ணாடி பாட்டிலாகக் கேளுங்கள். ரப்பர் டிராப்பரைப் பாட்டிலிலேயே சொருகி வைக்காதீர்கள். தைலம் பட்டால் ரப்பர் உப்பிப் பிசுபிசுத்துவிடும். பூட்டுகிற அலமாரி இருந்தால் அதில் வையுங்கள்.