ஏ லைன், பி லைன்: எங்கள் கோயில் மைக்செட் அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் உள்ள எங்கள் தோட்டக் கோயிலில் மைக்செட்டை மாற்றிய பிறகு நாலைந்து ஆடித் திருவிழா முடிந்துவிட்டது. முன்பு ஒரே ஆம்ப்ளிஃபையர், ஒரே வயர். தீமிதி நேரத்தில் அது படுத்துவிட்டால் காணாமல் போன பிள்ளையைப் பற்றிச் சொல்லக்கூட வழியிருக்காது. இப்போது 240 வாட் ஆம்ப்ளிஃபையர் இரண்டு, ஆளுக்கொன்றாக ஏ, பி என்று 100 வோல்ட் லைன் (நீண்ட வயரில் பல ஸ்பீக்கர்களை ஓட்டும் முறை) இரண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வயர் ஓடும் விதம். வாசலிலிருந்து தீக்குழி வரை கூம்பு ஸ்பீக்கர்கள் மாறி மாறி வருகின்றன: ஒன்று ஏ லைன், அடுத்தது பி லைன். வயர் போட வந்தவர் இடப்பக்கம் முழுக்க ஏ, வலப்பக்கம் முழுக்க பி என்று போட்டுவிடப் பார்த்தார். வேலை சுலபம்தான், ஆனால் ஒரு லைன் போனால் பாதிக் கூட்டத்துக்கு ஒன்றும் கேட்காது. மாறி மாறிப் போட்டால் சத்தம் 3 டெசிபல் அளவுக்குக் குறையும், அவ்வளவே. ஒவ்வொரு லைனிலும் ஸ்பீக்கர்களின் வாட்டைக் கூட்டினால் 190-ஐத் தாண்டாது. ஆம்ப்ளிஃபையரை முழு பலத்தில் ஓட்டினால் சூடேறி சீக்கிரம் போய்விடும்.

ஒரு மாலை இடிமழையில் ஏ பக்கத்து ஆம்ப்ளிஃபையர் போனது. பி பேசிக்கொண்டே இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. இந்த ஏற்பாட்டின் குறையே அதுதான்: ஒன்று செத்தது தெரியாமலே மற்றதை நம்பிக்கொண்டிருப்போம். தீ எச்சரிக்கைக்கான குரல் அறிவிப்புக் கருவிகளில் இதற்கு வழி உண்டு. காதுக்கு எட்டாத 20 கிலோஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை லைனில் அனுப்பிக் கண்காணிப்பது ஒரு முறை. இந்தக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 54-16-ன்படி பழுதை 100 விநாடிக்குள் காட்ட வேண்டும். நமக்கு அந்த வசதி கட்டுபடியாகாது. அதனால் வெள்ளிக்கிழமை பூஜைக்கு முன் ஒன்றை அணைத்து மற்றதைக் கேட்கிறோம், பிறகு மாற்றி அணைக்கிறோம்.

அப்புறம் மின்சாரம். இரண்டு ஆம்ப்ளிஃபையரையும் ஒரே நீட்டிப்பு வயரில் சொருகினால் ஒரே கிணற்றுக்கு இரண்டு வாளி வைத்த மாதிரிதான். எங்களிடம் தனித்தனி பிளக், தனித்தனி பிரேக்கர். தெனாகா (மின்வாரியம்) கரண்ட் போனால், பி ஆம்ப்ளிஃபையரின் 24 வோல்ட் உள்ளீட்டில் வரிசையாக இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே வெக்கையில் வைத்த முதல் ஜோடி சீக்கிரமே வீங்கிவிட்டது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பார்கள். இப்போது பேட்டரி அலுவலக அறையில், நிழலில்.

மிக்ஸர் இன்னும் ஒன்றுதான். அது போனாலும் பேச முடியட்டும் என்று பி ஆம்ப்ளிஃபையரில் நேரடியாக ஒரு வயர் மைக் சொருகி வைத்திருக்கிறோம். வயர்லெஸ் மைக் உபயம் வாசிக்கும்போது கட்டாயம் சாகும், அப்போதும் இதுதான் கைகொடுக்கிறது.

கையில் பணம் குறைவு என்றால் முதலில் லைனைப் பிரியுங்கள், இரண்டாவது ஆம்ப்ளிஃபையரை அடுத்த வருடம் வாங்கலாம். முதல் ஆம்ப்ளிஃபையரை ஸோன் சுவிட்ச் (ஒவ்வொரு லைனையும் தனியாக அணைக்கும் சுவிட்ச்) உள்ளதாகப் பார்த்து எடுத்தால், ஷார்ட் ஆன லைனை மட்டும் அணைத்துவிட்டு மற்றதில் பேசலாம்.