மொரீஷியஸில் தூண்டில் படகு எடுக்கும்போது முதலில் பேசி முடிக்க வேண்டியது

மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒன்பது நாள் விடுமுறையாக மொரீஷியஸ் சென்றிருந்தபோது, தீவின் தென்மேற்குக் கரையிலுள்ள பிளாக் ரிவரிலிருந்து ஆறு மணி நேரத்துக்குத் தனிப்படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து ஆழ்கடலில் தூண்டில் போடச் சென்றோம். படகில் நான், என் கணவர், 14 வயது மகன், என் அண்ணன் என நான்கு பேர் இருந்தோம். நானும் அண்ணனும் சிறு வயது முதலே முட்டுக்காட்டு உப்பங்கழியில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள். கொடுவாயும் செப்பிலியும் எங்களுக்குப் பழக்கமான மீன்கள். ஆனால் மனிதனைவிட எடை மிகுந்த ஒரு மீனைத் தூண்டில் கழியால் இழுத்த அனுபவம் எங்கள் இருவருக்குமே அதற்கு முன் இருந்ததில்லை. அடுத்துச் செல்லவிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், நாங்கள் கண்டதைக் குறை நிறைகளோடு எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பயணத்தின் மதிப்பில் பாதி இடத்திலேயே இருக்கிறது. மொரீஷியஸைச் சுற்றிப் பவளப்பாறைத் திட்டு வளையம்போல் அமைந்திருக்கிறது. அதன் உட்புறம் ஆழமற்ற நீலப்பச்சைக் காயல், வெளிப்புறம் பெருங்கடல். பிளாக் ரிவர்ப் பகுதியில் திட்டின் வாயைக் கடந்ததும் கடலடி செங்குத்தாக இறங்கிச் சில கிலோமீட்டருக்குள்ளேயே பல நூறு மீட்டர் ஆழத்தை எட்டிவிடுகிறது. வேறு பல நாடுகளில், ஈட்டிபோல் நீண்ட அலகுடைய மார்லின் போன்ற பெருமீன்கள் நடமாடும் ஆழத்தை அடைய இரண்டு மூன்று மணி நேரம் படகோட்ட வேண்டியிருக்கும். இங்கே படகுத்துறையை விட்டு அரை மணி நேரத்துக்குள் தூண்டில்கள் நீரில் இறங்கிவிட்டன. ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றைத் தீவின் மலைகள் தடுத்துக்கொள்வதால், மேற்குக் கரையின் கடல் கிழக்குக் கரையைவிட அமைதியாக இருக்கும். 556 மீட்டர் உயர லெ மோர்ன் மலை நிற்கும் தென்மேற்கு முனையை நெருங்கும்போது மட்டும் நீரோட்டங்கள் சந்தித்து அலை உயர்கிறது. பெரிய மீன்கள் அதிகம் தேடப்படுவதும் அந்த முனையில்தான் என்பதால், அலைக்கு அஞ்சுபவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

படகு ஏறத்தாழ 38 அடி நீளம் இருந்தது. இரண்டு டீசல் இயந்திரங்கள், மேல்தளத்தில் ஓட்டுமிடம், சிறியதாயினும் சுத்தமான கழிப்பறை, பின்தளத்தின் நடுவில் மீனோடு போராடுவதற்கான சுழல் நாற்காலி என எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. நான் முதலில் பார்த்தது தூண்டில் கருவிகளைத்தான். கழிகளின் உருளை வளையங்கள் தடையின்றிச் சுழன்றன, தூண்டில் நரம்பில் சிராய்ப்பு இல்லை, கொக்கிகளின் முனைகள் அரத்தால் தீட்டப்பட்டிருந்தன. உப்புக்காற்றில் நாள்தோறும் கிடக்கும் கருவிகளை இந்த அளவுக்குப் பேணுவதற்கு ஒவ்வொரு மாலையும் யாரோ உட்கார்ந்து வேலை செய்திருக்க வேண்டும். அந்த உழைப்புக்கே முதல் மதிப்பெண் தருகிறேன்.

எங்களுக்கு ஏற்பட்ட உண்மையான மனத்தாங்கல் முன்பதிவில்தான். விடுதியின் முகப்பு மேசையில் பதிவு செய்தபோது, பிடிபடும் மீன் முழுவதும் எங்களுக்கே என்று உறுதியாகச் சொன்னார்கள். பயணத்துக்கு முந்தைய மாலை படகுத்துறைக்குச் சென்று கேப்டனைச் சந்தித்தபோதுதான், பிடிபடும் மீன் படகைச் சேர்ந்தது, விருந்தினருக்கு உணவுக்கு வேண்டிய துண்டு மட்டும் தரப்படும் என்பது தெரிந்தது. விசாரித்தபோது, இது அந்த ஒரு படகின் விதி மட்டுமன்று, மொரீஷியஸ் முழுவதும் பரவலாக உள்ள வழக்கம் என்று புரிந்துகொண்டேன். மீனை விற்று வரும் பணம் உரிமையாளருக்கும் பணியாளர்களுக்கும் வருமானத்தின் ஒரு பகுதி. அது இல்லையென்றால் வாடகை இன்னும் கூடுதலாக இருக்கும். ஆகவே வழக்கத்தின் மீது எனக்கு வருத்தம் இல்லை. அதை மறைத்து எங்களிடம் பணம் பெற்றுக்கொண்ட முகப்பு மேசையின் மீதுதான் வருத்தம்.

இந்த வழக்கத்தின் விளைவு வீட்டுக்கு எடுத்துச்செல்லும் மீனோடு நின்றுவிடுவதில்லை. மீன் படகுக்குச் சொந்தம் என்றால், மார்லினை உயிரோடு திரும்பவிடுவதா கரைக்குக் கொண்டுவருவதா என்ற முடிவும் படகிடமே போய்விடுகிறது. தீவில் புகையூட்டிய மார்லினுக்கு நல்ல விலை உண்டு என்பதால், ஒரு பெரிய மீனை விட்டுவிடுவது பணியாளர்களுக்கு உண்மையான இழப்பு. நீல மார்லினை இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2011-ல் அழிவாய்ப்புள்ள இனமாக மதிப்பிட்டது. இந்த இனத்தில் மிகப் பெரிய உருவத்தை அடைபவை பெண் மீன்களே. ஆகவே படத்துக்காகத் துறையில் தொங்கவிடப்படும் 300, 400 கிலோ மீன் ஒவ்வொன்றும் முட்டையிடும் ஒரு தாய்மீன். மார்லின் கிடைத்தால் அதை விட்டுவிட வேண்டும் என்று நாங்கள் நால்வரும் ஊரிலேயே முடிவு செய்திருந்தோம். கேப்டனிடம் அதைச் சொன்னபோது அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, சூரை, டொராடோ, வாஹூ எல்லாம் படகுக்கு, மார்லினும் மயில்மீனும் கடலுக்கு என்று ஒரு நேர்மையான ஏற்பாட்டை அவரே முன்வைத்தார். அந்த மாலை நாங்கள் துறைக்குப் போயிருக்காவிட்டால் இந்தப் பேச்சு மறுநாள் நடுக்கடலில், மீன் கொக்கியில் துடித்துக்கொண்டிருக்கும்போது நடந்திருக்கும். பணம் கட்டும் முன், மீன் யாருக்கு, மார்லினை விடுவது யார் முடிவு, வானிலையால் பயணம் நின்றால் பணம் திரும்புமா என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுமாறு ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் பருவம் என்பதால் மூன்றாவது கேள்வியும் வெறும் முறைக்காகக் கேட்பதன்று.

காலை 7 மணிக்குப் புறப்பட்டோம். திட்டைக் கடந்ததும் பணியாளர்கள் இருவரும் ஐந்து தூண்டில்களை விரித்தார்கள். இருபுறமும் சிறகுபோல் நீளும் கம்புகளின் உதவியால் நரம்புகள் ஒன்றோடொன்று சிக்காமல் விலகி ஓடின. படகு மணிக்கு ஏறத்தாழ 8 கடல் மைல் வேகத்தில் செல்ல, வண்ணக் குஞ்சம் கட்டிய செயற்கை இரைகள் படகு கிளப்பும் நுரைக்குப் பின்னால் மூழ்கியும் எழுந்தும் குமிழிவிட்டபடி வந்தன. ஓடும் மீன்கூட்டம் என்று பெருமீனை நம்பவைக்கும் அந்த அசைவில்தான் இக்கலையின் நுட்பம் இருக்கிறது. பணியாளர்களில் மூத்தவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரைகளின் தூரத்தை முழக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருந்தார்.

முதல் இரண்டு மணி நேரத்தில் எதுவும் கடிக்கவில்லை. இத்தகைய பயணத்தில் இது இயல்பே. ஆனால் லெ மோர்ன் முனையின் அலையில் என் மகனுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் தொடங்கின. முந்தைய இரவே மாத்திரை கொடுக்கத் தவறியது எங்கள் பிழை. படகேறிய பின் விழுங்கிய மாத்திரை பயன்படவில்லை. தனிப்படகின் அருமை எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் கேட்பதற்கு முன்பே கேப்டன் தூண்டில்களைச் சுருட்டச் சொல்லி, படகைத் திட்டுக்குள் திருப்பி, பெனித்தியே தீவுக்கு அருகே அலையற்ற காயலில் அரை மணி நேரம் நிறுத்தினார். மகன் நீரில் இறங்கி முகம் கழுவி, கொஞ்சம் ரொட்டி சாப்பிட்டு, தானாகவே மறுபடியும் வெளியே போகலாம் என்றான். ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் பொதுப்படகில் மற்றப் பயணிகளின் நேரத்தைக் கருதி இப்படித் திரும்ப இயலாது. அங்கே நாற்காலியில் உட்காருவதற்கும் முறைவைத்துத்தான் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளோடு செல்பவர்கள் கூடுதல் செலவானாலும் தனிப்படகையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மீண்டும் வெளியே வந்த சிறிது நேரத்தில் இரண்டு டொராடோக்கள் அடுத்தடுத்துக் கிடைத்தன. ஒன்றை என் மகனே இழுத்தான். நீரிலிருந்து எழும்போது பொன்னும் பச்சையும் நீலமுமாக மின்னிய உடல், தளத்தில் கிடந்த சில நிமிடங்களில் சாம்பல் நிறமாக மங்கிப்போனதை அவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர் நம் வஞ்சிரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த வாஹூ ஒன்று பாய்ந்து கடித்து, நரம்பின் நுனியைத் தன் கூரிய பற்களால் அறுத்துக்கொண்டு போயிற்று.

மார்லின் வந்தது 11 மணியைக் கடந்த பிறகு. நரம்பு சுற்றியிருக்கும் ரீலின் பற்சக்கரம் அலறிய வேகத்திலேயே இது வேறு மீன் என்பது தெரிந்துவிட்டது. 1939-ல் தொடங்கப்பட்ட பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் சாதனை விதிப்படி, மீன் கடித்த பிறகு தூண்டில்காரரைத் தவிர வேறு எவரும் கழியையோ ரீலையோ தொடக் கூடாது. பல சுற்றுலாப் படகுகளில் பணியாளரே கொக்கியை மாட்டி, கழியைப் பயணியின் கையில் தருவது வழக்கம். எங்களுக்குச் சாதனை எதுவும் தேவையில்லை என்றாலும், கழியைத் தாங்கியிலிருந்து நாங்களே எடுக்க விரும்புகிறோம் என்று முன்பே சொல்லியிருந்தோம். இளைய பணியாளர் அதை நினைவில் வைத்து விலகி நின்றார். அண்ணன் கழியை எடுத்து நாற்காலியில் அமர்ந்தார். 80 பவுண்டு நரம்புக்கு, அதாவது 36 கிலோ இழுவையைத் தாங்கும் நரம்புக்கு, மூன்றில் ஒரு பங்காக ஏறத்தாழ 12 கிலோ பிடிமானம் வைத்திருந்தார்கள்; மீன் அதற்கு மேல் இழுத்தால்தான் ரீல் நரம்பை விடும். கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றும் அந்த 12 கிலோவை நாற்பது நிமிடம் முதுகாலும் தொடையாலும் தாங்குவது எத்தகைய வேலை என்பதை அண்ணனின் சட்டை நனைந்த விதத்தில் கண்டேன். மீன் நான்கு முறை முழு உடலும் தெரிய வெளியே பாய்ந்தது. மேல்தளத்தில் கேப்டன் திரும்பி நின்று, மீனின் போக்கை நரம்பின் சாய்விலேயே படித்து, படகைப் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் செலுத்திக்கொண்டிருந்தார். அந்தப் போராட்டத்தில் பாதி வேலை அவருடையது.

மீன் படகின் பக்கம் வந்தபோது அவர்கள் செய்ததைத்தான் இந்த மதிப்பீட்டில் நான் மிக உயர்வாக வைக்கிறேன். ஏறத்தாழ 90 கிலோ இருக்கும் என்றார் கேப்டன். அதை ஒரு கணமும் தளத்துக்குத் தூக்கவில்லை. மூத்தவர் தடித்த கையுறையோடு அதன் அலகைப் பிடித்துக்கொள்ள, இளையவர் கொக்கியைக் கழற்றினார். பிறகு தலையை நீருக்குள்ளேயே வைத்தபடி படகை மெல்ல முன்னோக்கி நகர்த்தினார்கள். மார்லின் நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் செவுள்களின் ஊடாக நீர் ஓடி மூச்சு நடக்கும். களைத்து அசையாமல் நின்றால் மூழ்கி இறந்துவிடும். ஐந்து நிமிடம் போல் அப்படியே நடத்திச் சென்றார்கள். மங்கியிருந்த முதுகில் நீலக் கோடுகள் திரும்பத் தெளிந்தன, வால் ஒருமுறை அடித்தது, கையுறையை உதறிவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. தங்களுக்கு வர வேண்டிய பணத்தை இப்படிப் பொறுமையாக நீருக்குள் அனுப்பிய அந்த மூவருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மகனின் உடலுக்குப் பொருந்தும் அளவில் மிதவைச் சட்டை இல்லை. பெரியவர்களுடையதை வாரால் இறுக்கிக் கட்டினார்கள். குடும்பங்களை ஏற்றும் படகில் இதை ஏற்க முடியாது. பின்தளத்தில் நிழல் குறைவு, காற்று திரும்பும்போது டீசல் புகை முகத்தில் அடித்தது. விடும் மீனுக்கு அடையாளக் குறி பொருத்தும் கருவி படகில் இல்லை. குறியிட்ட மீன் மீண்டும் எங்காவது பிடிபட்டால் அது சென்ற தூரமும் வளர்ந்த அளவும் ஆய்வாளர்களுக்குத் தெரியவரும் என்பதால், அந்த வாய்ப்பு வீணானதில் எனக்கு வருத்தமே.

அரை நாளுக்கு நாங்கள் கொடுத்தது 24,000 மொரீஷியஸ் ரூபாய். நால்வருக்குப் பகிர்ந்தாலும் சிறிய தொகையன்று. கருவிகளின் நிலைக்கும் பணியாளர்களின் திறமைக்கும் தகுந்த தொகை என்றே கருதுகிறேன். அன்பளிப்பைத் தனியே கொடுத்தோம். அந்நாட்டு ரூபாய்த் தாள்களில் மதிப்பு தமிழிலும் அச்சிடப்பட்டிருக்கும். தமிழ்க் குடும்பப் பெயர் கொண்ட கேப்டன் கிரியோலும் பிரெஞ்சும் மட்டுமே பேசுபவர். தாளிலிருந்த எழுத்துகளை என் மகன் அவருக்கு வாசித்துக் காட்டினான். அவர் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பேசியபடி இரண்டு கிலோ டொராடோவைத் துண்டுபோட்டுத் தந்தார்கள். கடுகும் மஞ்சளும் சேர்த்து அந்த ஊரில் செய்யும் வின்டாய் என்ற பக்குவத்தில் விடுதிச் சமையல்காரர் அதைச் செய்து கொடுத்தார்; மறுநாள் காலையில் அது இன்னும் சுவையாக இருந்தது.

மார்லினை மட்டுமே நாடுபவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரையிலும், கேரை எனப்படும் மஞ்சள்துடுப்புச் சூரையை நாடுபவர்கள் மார்ச், ஏப்ரலிலும் செல்லலாம். நாங்கள் மறுமுறை ஏப்ரலில் முழு நாளுக்கு அதே படகை எடுப்பதாக இருக்கிறோம். அதற்குள் அடையாளக் குறிகளையும் சிறுவர் மிதவைச் சட்டை ஒன்றையும் வாங்கி வைப்பதாகக் கேப்டன் சொல்லியிருக்கிறார். பதிவை இம்முறை விடுதியின் மூலம் செய்யப் போவதில்லை. நேரே அவரிடமே செய்வோம்.