சிங்கப்பூர் வீட்டுக்கு டேபிள்டாப் கிரைண்டர்: விலையைப் பார்க்குமுன் அடித்தட்டைப் பாருங்கள்

செப்டம்பர் 9இன் 9.9 தொடங்கி டிசம்பர் 12இன் 12.12 வரை இணையக் கடைகளான ஷாப்பியும் லசாடாவும் மாதாமாதம் தள்ளுபடி போடுகின்றன. தீபாவளிச் சந்தையும் அதே காலத்தில்தான். இட்லி மாவு ஆட்டும் 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் அதிகம் விற்பதும் இந்த மாதங்களில்தான். பொருள் நல்ல பொருள். வாரம் ஒருமுறையாவது இட்லி, தோசை, ஆப்பம், வடை என்று போகும் வீட்டில் மிக்சியால் இதன் இடத்தை நிரப்பவே முடியாது. ஆனால் சிங்கப்பூரில் இதை வாங்குவதில் மூன்று நான்கு இடறல்கள் உண்டு. அவற்றில் ஒன்று மோட்டாரையே எரித்துவிடும்.

மிக்சி ஏன் போதாது என்பதை முதலில் பார்ப்போம். மிக்சியின் கத்தி நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் சுழன்று வெட்டுகிறது. உளுந்து சூடாகிறது, காற்று பிடிப்பதும் குறைவு. கிரைண்டரில் டிரம் மெதுவாகச் சுழல, கல் நசுக்கி இழுக்கிறது. உளுந்தின் பசை முழுதும் வெளிவந்து காற்றைப் பிடித்துக்கொள்வதால் மாவு பொங்குகிறது. மிக்சியில் 3 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து போட்டாலும் கிடைக்காத மென்மை, கிரைண்டரில் 4 பங்குக்கு 1 பங்கிலேயே கிடைக்கும். நம் ஊரில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருவதால், ஆட்டும்போதே மாவு சூடாவது இங்கே இரட்டிப்புத் தொல்லை.

இப்போது முக்கியமான இடறல். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் செய்யப்படும் அல்ட்ரா, பிரீத்தி, பிரீமியர், பட்டர்ஃபிளை போன்றவை இந்தியச் சந்தைக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் வருகின்றன. சிங்கப்பூர் மின்சாரமும் அதேதான். ஆகவே இந்திய மாடல் இங்கே எந்தக் கூடுதல் கருவியும் இல்லாமல் ஓடும். ஆனால் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்காக 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மாடல்களும் தயாராகின்றன. இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து நேரே வரும் பட்டியல்களில் இவை கலந்து கிடக்கும். படமும் பெயரும் ஒன்றுபோலவே இருக்கும். அதை இங்கே செருகினால் மோட்டார் புகைந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பாதித் தீர்வுதான். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். தொடர்ந்து அரைமணி நேரம் ஓட வேண்டிய கருவிக்கு அது ஆகாது. பட்டியலில் ‘230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்’ என்று எழுத்தில் இல்லையென்றால், அடித்தட்டில் ஒட்டியிருக்கும் தகட்டின் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அனுப்ப மறுத்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

அடுத்தது பிளக். இந்திய மாடலில் உருண்டை முனை பிளக் இருக்கும். இங்குள்ள சுவிட்ச் பெட்டிக்குச் சதுர முனை வேண்டும். பயணத்துக்கு விற்கும் மலிவான அடாப்டரைப் போட்டு ஓட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அவற்றில் பல, மூன்றாவது முனையான எர்த்தை இணைப்பதே இல்லை. ஈரக் கை, உலோக டிரம், தண்ணீர் சொட்டும் மேடை என்று எர்த் கட்டாயமாகத் தேவைப்படும் இடம் இது. சரியான வழி, இந்திய பிளக்கை வெட்டிவிட்டு, பாதுகாப்பு முத்திரை கொண்ட 13 ஆம்பியர் பிளக்கை மாட்டுவது. மூடியைத் திறந்து எர்த் முனை மேலே இருக்கும்படி வைத்துப் பார்த்தால், பழுப்புக் கம்பி வலப்பக்கம் ஃபியூஸ் இருக்கும் முனைக்கு, நீலம் இடப்பக்கம், பச்சை மஞ்சள் கோடு போட்டது மேலே. சில இந்தியக் கம்பிகளில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்றிருக்கும். முறையே அதே வரிசைதான். பிளக்கோடு வரும் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். 150 வாட் மோட்டார் ஓடும்போது இழுப்பது 1 ஆம்பியரைவிடக் குறைவு. 13 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் கம்பி சூடாகி உருகிய பிறகும் அது அசையாமல் இருக்கலாம். கம்பி வேலை பழக்கமில்லாதவர்கள் கடையிலேயே மாற்றித் தரச் சொல்லலாம்.

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 1985க்கு முன் கட்டிய பழைய வீடுகளில் அது இல்லாமல் இருந்திருக்கலாம். எரிசக்திச் சந்தை ஆணையம் எல்லா வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கி, 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்திருந்தது.

கல் விஷயத்துக்கு வருவோம். கடையில் இரண்டு வகை கிடைக்கும்: உருளைக் கல், கூம்புக் கல். கூம்புக் கல்லில் டிரம்மின் அடிக்கல்லோடு உரசும் பரப்பு அதிகம், வேலை விரைவாக முடியும். கழுவுவதும் எளிது. உருளைக் கல்லின் பலம் அதன் எளிமை. தேய்ந்தால் கல்லின் நடுவில் இருக்கும் புஷ் என்ற சிறு வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். சிறிய குடும்பம், வாரம் ஒருமுறை, விரைவாக முடிய வேண்டும் என்றால் கூம்புக் கல். பத்து ஆண்டுக்கு மேல் ஓட்ட வேண்டும், உதிரிபாகம் எங்கும் கிடைக்க வேண்டும் என்றால் உருளை. மூன்று கல், நான்கு கல் என்று எண்ணிக்கையைக் கூட்டி விற்பதற்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்கத் தேவையில்லை. கல் கூடினால் கழுவ வேண்டிய இடுக்கும் கூடும்.

கூடவே வரும் இணைப்புகளில் கோதுமை மாவு பிசைவது பரவாயில்லை, அரை கிலோ மாவுவரை ஒழுங்காகப் பிசையும். தேங்காய்த் துருவி இங்கே வீண் செலவு. தேக்கா ஈரச்சந்தையில் புதிதாகத் துருவிய தேங்காய் கிடைக்கும்போது, இயந்திரத்தின் மேல் முறியைப் பிடித்துக்கொண்டு நிற்பானேன்?

‘2 லிட்டர்’ என்பது விளிம்புவரையான கணக்கு. உண்மையில் வசதியாக ஆட்டக்கூடியது 800 கிராம் அரிசி, 200 கிராம் உளுந்து, அதுவும் தனித்தனியாக. மாவு டிரம்மின் நடுத்தூண் உயரத்தைத் தாண்டினால் தூணுக்குள் இறங்கி அடியில் உள்ள பேரிங்கில் போய் உறையும். பிறகு கிறீச்சென்ற சத்தம், அதன்பின் துரு. மறுபக்கம், 100 கிராம் உளுந்து மட்டும் போட்டால் அது சுவரில் ஒட்டிக்கொள்ளும், கல்லுக்குக் கிடைக்காது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு 1.25 லிட்டர் மாடல் பொருத்தம்.

புதுக் கல்லைப் பழக்காமல் சாப்பாட்டுக்கு ஆட்டக்கூடாது. ஒரு பிடி பழைய அரிசியை ஊறவைத்து, தண்ணீர் விட்டு 15 நிமிடம் ஓட்டிக் கொட்டுங்கள். சாம்பல் நிறம் போய் வெள்ளையாக வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகும் பற்களில் நறநறவென்று மணல் படுகிறதென்றால் கல்லில் குறை இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள்.

ஆட்டும் முறையிலும் மோட்டாரின் ஆயுள் இருக்கிறது. இந்த மோட்டார்களுக்குத் தொடக்க இழுவை குறைவு. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டால் முதல் நொடியிலேயே திணறும். முதலில் அரைக் கோப்பைத் தண்ணீர், பிறகு சுவிட்ச், பிறகு கைப்பிடி கைப்பிடியாக உளுந்து. தண்ணீர் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். 200 கிராம் உளுந்துக்கு 25 முதல் 35 நிமிடம், இடையிடையே தெளித்துக்கொண்டே. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். உளுந்து மாவை எடுத்துவிட்டு, டிரம்மைக் கழுவாமல் அப்படியே அரிசியைப் போட்டு ரவைப் பதத்துக்கு 20 நிமிடம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓடினாலும் மின்சாரம் 0.15 யூனிட்தான், ஒரு யூனிட் 30 காசு என்று வைத்தாலும் 5 காசைத் தாண்டாது. நம் வெப்பத்தில் 8 மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். இரவு முழுக்க வெளியே விட்டால் காலையில் புளிப்பு ஏறியிருக்கும், ஆகவே பிற்பகலில் ஆட்டித் தூங்கப் போகுமுன் ஒருமுறை பாருங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சத்தம் ஒரு விஷயம். மோட்டாரின் ஓசையைவிட, தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும் அதிர்வுதான் புகாரைக் கொண்டுவருகிறது. தரையில் வைத்து ஆட்டாமல் மேடையில் தடித்த ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். இரவு 10 மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

பழுதுகள் பெரும்பாலும் நான்கைந்துக்குள் அடங்கும். மோட்டார் உறுமுகிறது, டிரம் சுற்றவில்லை, கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் கெப்பாசிட்டர் போய்விட்டது. மலிவான பாகம், மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். மோட்டார் நன்றாக ஓடுகிறது, டிரம் மட்டும் நிற்கிறது என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது மாவு கெட்டியாகிவிட்டது. கல் கடகடவென்று ஆடுவதும் மாவில் கறுப்புத் தூள் தெரிவதும் புஷ் தேய்ந்ததன் அடையாளம். திடீரென்று எல்லாமே நின்றுவிட்டால் சூட்டுத் தடுப்பான் விழுந்திருக்கலாம். அரைமணி நேரம் ஆறவிட்டு, அடியில் பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். ஆர்சிசிபி விழுகிறதென்றால் மோட்டாருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அடிப்பாகத்தைக் குழாய்க்கடியில் பிடித்துக் கழுவினால் அப்படித்தான் ஆகும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும். கழுவிய டிரம்மை மூடி வைக்காதீர்கள். இந்த ஈரப்பதத்தில் கல்லின் நுண்துளைக்குள் பூஞ்சை வாடை பிடித்துவிடும்.

எங்கே வாங்குவது? முஸ்தஃபாவிலோ சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடைகளிலோ வாங்கினால் கல்லைக் கையால் சுழற்றிப் பார்க்கலாம், சதுர பிளக் மாட்டியே தருவார்கள், பெல்ட்டும் புஷ்ஷும் பின்னால் கிடைக்குமா என்று நேரே கேட்கலாம். விலை இணையத்தைவிடச் சற்றுக் கூடினாலும் எங்கள் ஓட்டு இதற்குத்தான். இங்குள்ள கடையில் வாங்கிய பொருளுக்கு லெமன் சட்டம் உண்டு: ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். முதலில் பழுதுபார்த்தல் அல்லது மாற்றித் தருதல், அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்பப் பெறுதல். கடைக்காரர் அசையவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமும் சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கின்றன. வெளிநாட்டு விற்பனையாளரிடம் இதையெல்லாம் பேசுவது கடினம். 2023 முதல் 400 வெள்ளிக்குள் வரும் வெளிநாட்டுப் பொருளுக்கும் பொருள் சேவை வரி சேர்வதால், அந்தப் பழைய விலை வித்தியாசமும் சுருங்கிவிட்டது.

ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவருவது இன்னொரு வழி. எடை 10 கிலோவைத் தாண்டும். கல்லைத் தனியாகத் துணியில் சுற்றாவிட்டால் டிரம் நசுங்கும். 48 மணி நேரத்துக்கு மேல் சிங்கப்பூருக்கு வெளியே இருந்தவருக்கு 500 வெள்ளிவரை வரிச் சலுகை உண்டு. ஆனால் வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் அட்டை, டிபென்டன்ட் பாஸ் வைத்திருப்போருக்கு அந்தச் சலுகை இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்திய வாரண்டி இங்கே செல்லுமா என்பதையும் வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் செல்லாது. வருகிறவர்கள் ஒரு பெல்ட், ஒரு ஜோடி புஷ், மாவை வழித்துவிடும் பிளாஸ்டிக் துண்டு மூன்றையும் சேர்த்து வாங்கி வாருங்கள்.

கரோசல் இணையச் சந்தையில் தனிநபரிடம் பழையது எடுப்பவர்களுக்கு லெமன் சட்டத்தின் துணை கிடையாது, தனிநபர் விற்பனை அதற்குள் வராது. நேரில் போய், தண்ணீர் ஊற்றி 10 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். டிரம்மைத் தூக்கி அடியில் துருக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள், கல்லைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அடிக்கல்லில் விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம். டிரம்மோடு ஒட்டிய அந்தக் கல்லை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை.