கோத்தகிரிப் பக்கம் ஆபரேஷனுக்கு முன் பொம்மை விளையாட்டு: எது நன்று, எது குறை

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில், குடலிறக்கம், டான்சில் போன்ற ஆபரேஷனுக்கு வரும் குழந்தைகளுக்கு முதல் நாளே முக்கால் மணி நேரம் பொம்மை வைத்துப் பயிற்சி தருகிறார்கள். தனிக் கட்டணம் இல்லை. ஆபரேஷனுக்கு முந்தைய பாதியை, ஓரிரு குறை தவிர, மிக நன்றாகச் செய்கிறார்கள். பிந்தைய பாதியில்தான் பெரிய குறை.

கண் மூக்கு இல்லாத துணிப் பொம்மையைக் கொடுத்து, முகத்தைக் குழந்தையையே ஸ்கெட்ச் பேனாவால் வரையச் சொல்கிறார்கள். அப்புறம் நிஜமான மயக்க மருந்து மாஸ்க் கைக்கு வருகிறது. முதலில் பொம்மைக்கு, அடுத்து அம்மாவுக்கு, கடைசியில்தான் தனக்கு. அவசரப்பட்டு நேராகக் குழந்தை முகத்தில் வைத்தால் அன்றைய வேலை கெட்டது. பல பிள்ளைகளுக்கு அந்தப் பிளாஸ்டிக் வாடைதான் ஆகாது. அதனால் உள்விளிம்பில் ஸ்ட்ராபெரி லிப் பாம் லேசாகத் தடவித் தருகிறார்கள். மாஸ்க்கோடு இணைந்த பையைக் காட்டி, "மூச்சு விட்டு இந்த பலூனை ஊது பார்க்கலாம்" என்கிறார்கள். மறுநாள் தியேட்டரிலும் அதே பலூன்தான்.

ஊசியைக் கழற்றிய வென்ஃப்ளானை (டிரிப்ஸ் ஏற்றக் கையில் போடும் குழாய்) பொம்மையின் கையில் ஒட்டி, உள்ளே தங்குவது வளைகிற குழாய்தான் என்று தொட்டுப் பார்க்க வைப்பது அருமை. டிரிப்ஸ் ஏறும் கையை விறைப்பாக வைத்திருக்கும் பிள்ளைகள் பலர், ஊசி உள்ளேயே இருப்பதாகத்தான் நினைக்கிறார்கள். ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வரும் நாலு வயசுப் பிள்ளையிடம் படுகு மொழியில் பேச ஒரு நர்ஸ் இருக்கிறார். இதற்கே தனி மார்க் போடலாம்.

பெற்றோருக்குச் சொல்வதும் சரி. "வலிக்கவே வலிக்காது" வேண்டாம். "சேட்டை பண்ணினா ஊசி போடச் சொல்வேன்" வேண்டவே வேண்டாம்.

ஆனால் எல்லா வயதுக்கும் முதல் நாள்தான் என்பது தவறு. 3 வயதுக்கு அது போதும். 8 வயதுப் பிள்ளைக்கு ஐந்தாறு நாள் முன்பே சொன்னால்தான் கேள்வி கேட்டுத் தெளிய நேரம் கிடைக்கும். பெற்றோருக்குத் தரும் சீட்டில் "இரவு 12 மணிக்கு மேல் சாப்பிட, குடிக்க எதுவும் கூடாது" என்று எல்லோருக்கும் ஒன்றுபோல அச்சடித்திருப்பதும் பழைய வழக்கம். மயக்க மருந்துக்கு எவ்வளவு நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்பதற்குப் பொதுவான கணக்கு: சாப்பாட்டுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2. பால் கலந்த டீ, தண்ணீர் கணக்கில் வராது. உங்கள் பிள்ளைக்கு எத்தனை மணி வரை என்று மயக்க மருந்து டாக்டரிடம் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தொண்டை காய்ந்த குழந்தையிடம் எந்தப் பொம்மையும் எடுபடாது.

மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் அம்மாவையே அடையாளம் தெரியாமல் உதைத்து அழும். பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. அம்மாவை உள்ளே விடுவதும் குழந்தை அழ ஆரம்பித்த பிறகுதான். கண் திறக்கும் முன்பே பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். இந்தக் குளிரில் ஒரு கம்பளியும் தயாராக இருக்க வேண்டும், நடுக்கத்தையும் குழந்தை பயமாகவே எடுத்துக்கொள்ளும்.

பொம்மையை வீட்டுக்கே கொடுத்துவிடுகிறார்கள். குழந்தை அதற்கு ஓயாமல் ஊசி போட்டு விளையாடினால் தடுக்காதீர்கள். படுக்கையை நனைப்பது, ராத்திரி அலறி எழுவது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.