தினம் ஒரு ஊக்க வரி: மூணு வருஷம் நாலு மாசம் யூஸ் பண்ணவனோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இது ஒரு வாரம் யூஸ் பண்ணிட்டு அஞ்சு ஸ்டார் குத்துற ரிவ்யூ இல்ல. தினமும் காலைல ஒரு ஊக்க வரி படிச்சிட்டு வேலைய ஆரம்பிக்கிற பழக்கத்த மூணு வருஷம் நாலு மாசமா வச்சிருக்கேன். ஆப்ல ஆரம்பிச்சு, வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய், இப்ப ஒரு மஞ்சள் ஸ்டிக்கி நோட்ல வந்து நிக்குது. நடுவுல ரெண்டு தடவ வெறுத்துப் போய் விட்டிருக்கேன். அதனால நல்லதும் சொல்லுவேன், கடுப்பானதும் சொல்லுவேன்.

என் வேலை அக்கவுண்ட்ஸ். மாசக் கடைசி வந்துட்டா க்ளோசிங் (அந்த மாசக் கணக்க முடிக்கிறது), பேங்க் ரீகன்சிலியேஷன் (நம்ம கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஒத்துப் பாக்கறது), யாரோ போட்ட என்ட்ரிய யாரோ தேடுறதுன்னு மண்டை காயும். இந்த வேலைல சரியா பண்ணா யாரும் கண்டுக்க மாட்டாங்க, தப்பா பண்ணா மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. அப்படி ஒரு சீசன்ல நொந்து போய் இருந்தப்பதான் அந்த ஆப்ப இறக்குனேன். பேரு வேணாம், எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு, சூரியன் உதிக்கிற படம், மலை உச்சில கைய விரிச்சு நிக்கிற ஒருத்தர், மேல ஒரு வரி.

முதல் மாசம் நெஜமாவே நல்லா இருந்துச்சு. காலைல ஆறு மணிக்கு டிங்குனு வரும், படுக்கைலயே படிப்பேன், "உழைப்பு வீண் போகாது"ங்கிற மாதிரி ஏதாவது இருக்கும், அத மனசுல வச்சுக்கிட்டே கிளம்புவேன். சிலத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சேன். போன்ல இன்னும் அந்த ஃபோல்டர் இருக்கு, எண்ணிப் பாத்தேன், 41 படம். ஒண்ணக்கூட திரும்பத் திறந்து பாத்ததில்ல.

ரெண்டாவது மாசத்துலேர்ந்து டிங் வந்ததும் கை தானா தள்ளிவிட ஆரம்பிச்சிருச்சு. படிச்சேனா இல்லையான்னே தெரியாது. பழகப் பழகப் பாலும் புளிக்கும்னு சும்மாவா சொன்னாங்க. தினமும் ஒரே நேரம், ஒரே சத்தம், ஒரே தினுசு வரி வந்தா மூளை அத ஃபேன் சத்தம் மாதிரி எடுத்துக்குது, ஓடிட்டு இருக்கும் ஆனா காதுல விழாது. நாலாவது மாசம் பழைய வரியே திரும்ப வந்தப்பதான் ஆப்ல மொத்த சரக்கே அவ்வளவுதான்னு புரிஞ்சுது. மிச்சம் வேணும்னா ப்ரீமியம் வாங்கணுமாம்.

அப்புறம் ஒரு காலை. அதுக்கு முந்தின நாள் நான் அனுப்புன ரிப்போர்ட்ல ஒரு பெரிய தப்பு, ஒரு செலவ ரெண்டு தடவ புக் பண்ணிட்டேன், மேல வரைக்கும் போயிருச்சு. ராத்திரி தூக்கமே இல்ல, காலைல மேனேஜர் கூப்பிட்டிருக்கார், நான் லிஃப்ட்ல நின்னுட்டு இருக்கேன், பாக்கெட்ல போன் அதிருது, எடுத்துப் பாத்தா "இன்று உன் நாள்! நீ தொட்டதெல்லாம் துலங்கும்!" எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. தொட்டதுனாலதான்யா இந்த நெலமை! அன்னிக்கே ஆப்ப தூக்கிட்டேன்.

அந்தக் கோவம் எனக்கு மட்டும் வர்ற கிறுக்குத்தனமான்னு ரொம்ப நாள் யோசிச்சிட்டு இருந்தேன். அப்புறம் தேடிப் படிச்சப்ப ஒரு விஷயம் கெடச்சுது. கனடால வாட்டர்லூ யுனிவர்சிட்டில ஜோஆன் வுட்னு ஒரு சைக்காலஜி ப்ரொஃபசரும் அவங்க கூட இருந்தவங்களும் 2009-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. "நான் அன்புக்குரிய ஆள்"ங்கிற மாதிரி ஒரு வரிய ஆளுங்கள திரும்பத் திரும்பச் சொல்ல வச்சுப் பாத்திருக்காங்க. ஏற்கனவே தன்மேல நல்ல மதிப்பு இருக்கறவங்களுக்கு அது கொஞ்சம் உதவியிருக்கு. தன்மேல மதிப்பு கம்மியா இருக்கறவங்களுக்கோ, சொன்னதுக்கப்புறம் இன்னும் மோசமா ஆயிருக்கு. அதாவது யாருக்கு அந்த வரி வேணும்னு நெனைக்கிறோமோ அவங்களுக்குத்தான் அது உள்ள இறங்க மாட்டேங்குது, உள்ளேர்ந்து ஒரு குரல் "போடா, பொய்"னு சொல்லுது. லிஃப்ட்ல எனக்குள்ள கேட்டது அந்தக் குரல்தான்.

சரி, ஆப் போச்சு. ஒரு மூணு மாசம் எதுவும் இல்லாம இருந்தேன், பெருசா எதுவும் கெட்டுப் போகல, ஆனா காலைல ஒரு மாதிரி வெறிச்சுனு இருந்துச்சு. திரும்ப வேற ஆப் போட்டேன். இது ஸ்ட்ரீக் கணக்கு வைக்கிற ரகம், எத்தன நாள் விடாம படிச்சேன்னு ஒரு நெருப்பு படம் போட்டு நம்பர் காட்டும். இதப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, 112 நாள் போச்சு, காய்ச்சல்ல ரெண்டு நாள் போனத் தொடல, நம்பர் பூஜ்யம் ஆயிருச்சு. நாலு மாச உழைப்பு அழிஞ்ச மாதிரி ஒரு துக்கம். எத உழைச்சேன்? ஒரு பட்டன அமுக்குனேன், அவ்வளவுதான். இதுலயும் உண்மை வேற மாதிரி இருக்கு. பழக்கம் எப்படி ஒட்டுதுன்னு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலி குழு 96 பேர வச்சுப் பாத்தது 2010-ல வந்துச்சு. நடுவுல ஒரு நாள் விட்டுப் போனா பழக்கம் உருவாகறது ஒண்ணும் பாழாகலன்னு அதுல இருக்கு. ஒட்டறதுக்கு ஆன நாள் ஆளுக்கு ஆள் 18-லேர்ந்து 254 வரைக்கும், நடு மதிப்பு 66. 21 நாள்ல எல்லாம் மாறிடும்னு சொல்றவங்க யாரக் கணக்குல வச்சுச் சொல்றாங்கன்னு தெரியல.

இப்ப நான் கொஞ்சம் அசிங்கப்பட வேண்டிய கட்டம். இந்த ரெண்டாவது ஆப் காலத்துல நான் சும்மா இருக்கல, அதுல வர்ற வரிய தினமும் டீம் குரூப்ல ஃபார்வேர்ட் பண்ணிட்டு இருந்தேன். ஆமா, எல்லா குரூப்லயும் காலங்காத்தால ரோஜாப்பூ படத்தோட ஒருத்தர் இருப்பார் இல்ல, அது நான்தான். ரெண்டு பேர் கும்பிடு போடுவாங்க, ஒருத்தர் தம்ஸ் அப், எனக்கு அதுல ஒரு திருப்தி.

டீம்ல ஒரு சின்னப் பையன், சேர்ந்து ஆறு மாசம் இருக்கும். ஒரு க்ளோசிங் அன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து பழைய சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ட (எதுல சேர்க்கறதுன்னு தெரியாத என்ட்ரிய தற்காலிகமா போட்டு வைக்கிற கணக்கு) வரி வரியா பிரிச்சு முடிச்சான், ரெண்டு வருஷமா யாரும் தொடாம கெடந்த குப்பை அது. அடுத்த நாள் காலைல நான் வழக்கம் போல குரூப்ல "விடாமுயற்சி விஸ்வரூப வெற்றி"ன்னு ஒரு படம் போட்டேன். மத்தியானம் என் சீட்டுக்கு வந்தான்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுப்பா."

"டெய்லி மெசேஜ் போடறீங்க, நல்லாதான் இருக்கு. ஆனா நேத்து அந்த சஸ்பென்ஸ முடிச்சு உங்களுக்கு மெயில் போட்டேன்ல, அதுக்கு நீங்க ஒரு ஓகே கூட அனுப்பலண்ணா."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. மெயில நான் பாத்திருந்தேன், அட்டாச்மென்ட்டயும் திறந்து பாத்தேன், நல்லா பண்ணியிருக்கான்னு மனசுக்குள்ள நெனச்சேன், அதோட மூடிட்டேன். யாரோ எழுதுன பொத்தாம் பொதுவான வரிய பதினெட்டு பேருக்கு அனுப்ப நேரம் இருந்துச்சு, கண்ணு முன்னாடி உழைச்சவன்கிட்ட "அந்த 64 என்ட்ரியையும் ஒவ்வொண்ணா வவுச்சரோட ஒத்துப் பாத்தியே, பிரமாதம்டா"ன்னு சொல்ல நேரம் இல்ல. அன்னிக்கு சொன்னேன். அவன் முகத்துல வந்த மாற்றத்த நான் ஃபார்வேர்ட் பண்ண எந்தப் படமும் யாருக்கும் தந்திருக்காது. குரூப்ல மெசேஜ் போடறத அன்னிக்கோட நிறுத்துனேன், யாரும் ஏன்னு கேக்கல, அதுவே ஒரு ரிவ்யூதான்.

அதுக்கப்புறம்தான் எனக்கே அப்படி ஒண்ணு எழுதிக்கிட்டா என்னன்னு தோணுச்சு. இப்ப ஒன்றரை வருஷமா ஓடிட்டு இருக்கறது இதுதான். ராத்திரி சிஸ்டம ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஒரு ஸ்டிக்கி நோட். மேல ஒரு வரி, இன்னிக்கு எது நகர்ந்துச்சுன்னு. கீழ ஒரு வரி, நாளைக்கு எங்க மாட்டுவேன், மாட்டுனா என்ன பண்ணணும்னு. மானிட்டர் ஓரத்துல ஒட்டிட்டு வந்துருவேன், காலைல வந்ததும் அதுதான் முதல்ல கண்ணுல படும்.

மேல் வரி ஏன் வேலை செய்யுதுன்னா, தெரசா அமபிலேயும் ஸ்டீவன் கிராமரும் 238 பேரோட ஏறக்குறைய 12,000 நாட்குறிப்ப படிச்சுப் பாத்து 2011-ல எழுதுனது ஞாபகம் வருது, வேலை செய்யற ஆளோட நாள் நல்ல நாளா அமையறதுக்கு முக்கியக் காரணமா இருந்தது அர்த்தமுள்ள வேலைல கொஞ்சமாவது முன்னேறுனதுதான். என் அனுபவமும் அதேதான். "ரீகன்சிலியேஷன் 3-ல 2 முடிஞ்சுது"ன்னு நானே எழுதுனத காலைல படிக்கிறப்ப உள்ள அந்த "போடா, பொய்" குரல் வரவே வராது, ஏன்னா அது நடந்தது.

கீழ் வரிதான் உண்மையான சரக்கு. ஒரு சாம்பிள் சொல்றேன். ட்ரையல் பேலன்ஸ், அதாவது எல்லாக் கணக்கோட டெபிட்டும் கிரெடிட்டும் சமமா இருக்கான்னு பாக்கற பட்டியல், டேலி ஆகலன்னா எனக்கு ஒரு பதட்டம் வரும், கை கால் ஓடாது, எல்லா ஷீட்டையும் ஒரே நேரத்துல திறந்து வச்சுக்கிட்டு எதையும் பாக்க மாட்டேன். அதுக்கு நான் எழுதுன வரி: "வித்தியாசம் வந்தா முதல்ல 9-ஆல வகுத்துப் பாரு." அக்கவுண்ட்ஸ்காரங்களுக்குத் தெரியும், 6,842-ன்னு போட வேண்டியத 6,482-ன்னு இலக்கம் மாத்திப் போட்டா வித்தியாசம் 360, அது 9-ஆல மிச்சமில்லாம வகுபடும். எந்த ரெண்டு இலக்கத்த இடம் மாத்துனாலும் இப்படித்தான் வரும். வகுபட்டா உடனே மாறிப் போன இலக்கத்தத் தேடலாம், வகுபடலன்னா அடுத்து வித்தியாசத்துல பாதித் தொகைக்கு ஏதாவது என்ட்ரி இருக்கான்னு பாக்கலாம், டெபிட்ல போட வேண்டியத கிரெடிட்ல போட்டிருந்தா அங்க மாட்டும். முதல் தடவ இந்த சீட்டு ஒட்டியிருந்த அன்னிக்கு நெஜமாவே வித்தியாசம் வந்துச்சு, வழக்கமான பதட்டமும் வந்துச்சு, ஆனா கண்ணு சீட்டுக்குப் போச்சு, கை கால்குலேட்டருக்குப் போச்சு. இருபது நிமிஷத்துல கண்டுபிடிச்சேன். "நீ வெற்றியாளன்"னு ஆயிரம் தடவ படிச்சிருந்தாலும் இது நடந்திருக்காது.

இப்படி "இது நடந்தா இத செய்வேன்"னு முன்கூட்டியே கட்டி வைக்கிறதப் பத்தி பீட்டர் கோல்விட்சர் 1999-லயே எழுதியிருக்கார், நான்தான் லேட்டு. அவரோட சேர்ந்து வேலை பாத்த கேப்ரியல் ஓட்டிங்கன் இன்னொரு முக்கியமான வித்தியாசத்தக் காட்டுவாங்க. எடை குறைக்க வந்த பெண்கள்கிட்ட 1991-ல பாத்ததுல, "என்னால முடியும்"னு எதிர்பாத்தவங்க அதிகமா குறைச்சாங்க, ஏற்கனவே ஒல்லியாயிட்ட மாதிரி இனிமையா கனவு கண்டவங்க கம்மியா குறைச்சாங்க. நம்பிக்கை வேற, பகல் கனவு வேற. என் பழைய ஆப் கொடுத்தது முக்கால்வாசி ரெண்டாவது ரகம்.

குறையே இல்லையான்னு கேட்டா இருக்கு. களைப்பா இருக்கற நாள்ல எழுத சோம்பலா இருக்கும், வாரத்துல ஒரு நாளாவது விட்டுப் போகுது, விட்டா விட்டுட்டுப் போறேன், எங்கயும் நெருப்பு அணையல. சில நாள் எதுவுமே நகராது, அன்னிக்கு மேல் வரில "இன்னிக்கு ஒண்ணும் நகரல, சர்வர் படுத்துக்கிச்சு"ன்னே எழுதுவேன். அதப் படிச்சா உற்சாகம் பொங்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா குத்தவுணர்ச்சி வராது. அப்புறம், மோசமான மேனேஜ்மென்ட், ஆள் பத்தாத டீம், இதையெல்லாம் எந்த சீட்டும் சரி பண்ணாது. ரெண்டு ஆள் வேலைய ஒரு ஆள் மேல கட்டிட்டு "பாசிட்டிவா இருங்க"ன்னு சொல்ற இடத்துல இருந்தீங்கன்னா உங்களுக்கு வேண்டியது ஊக்க வரி இல்ல, இன்னொரு ஆள்தான். மனசு வாரக்கணக்குல எழும்பவே மாட்டேங்குதுன்னா அதுக்கும் இது மருந்து இல்ல, டாக்டர்கிட்ட போங்க.

ஆப் வேணுமேங்கறவங்களுக்கு ஒரே ஒரு டிப், உங்க சொந்த வரிய டைப் பண்ணி வைக்கவும், வர்ற நேரத்த மாத்தவும் விடற ஆப்பா பாத்து எடுங்க. ஆறு மணிக்கு படுக்கைல வர்ற வரி வீண், வேலைல வழக்கமா சோர்வு தட்டுற நேரத்துக்கு வையுங்க, எனக்கு அது மத்தியானம் மூணரை. ட்ரையல்னு சொல்லி கார்டு நம்பர் கேட்டா உஷாரா இருங்க, நான் அப்படி ஒரு வருஷ சந்தாப் பணத்த விட்டிருக்கேன்.

அந்தப் பையன் இப்ப எனக்குப் பக்கத்து சீட்டு. போன மாசம் அவன் மானிட்டர்லயும் ஒரு மஞ்சள் சீட்டு பாத்தேன், கேக்கல, அவனும் சொல்லல. நாளைக்கு குவார்ட்டர் க்ளோசிங், என் சீட்ட ஒட்டிட்டு வந்துட்டேன். மேல: "பேங்க் ரீகன்சிலியேஷன் மூணும் ஓகே." கீழ: "ஏழு மணிக்கு மேல தலை சுத்துனா புது என்ட்ரி போடாதே, மூடிட்டு கிளம்பு."