நெபுலா படம் வாங்கப் போகிறீர்களா? எனக்கு 8,500 ரூபாய் போச்சு

கை இன்னும் படபடக்கிறது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் புது வீட்டு ஹாலில் மாட்டுவதற்காக, போட்டோ பகிரும் ஆப் ஒன்றில் கடை விரித்திருக்கும் ஒருவனிடம் ஆர்டர் கொடுத்தேன். கழுகு நெபுலாவின் தூண்கள் (விண்வெளியில் தூண் தூணாக நிற்கும் வாயு, தூசி மேகம்), 3 அடிக்கு 2 அடி, கேன்வாஸ். 8,500 ரூபாய், முழுசும் முன்பணம்.

என்னை விழவைத்தது அவன் அனுப்பிய வாய்ஸ் நோட். "அண்ணாச்சி, நானும் அம்பாசமுத்திரத்துக்காரன்தான். மார்கழிப் பனியில மாஞ்சோலைப் பக்கம் ராத்திரி பூரா முழிச்சிருந்து என் டெலஸ்கோப்புல எடுத்தது. பத்து பிரிண்டுதான் போடுதேன், கையெழுத்து வச்சுத் தாரேன்." நம்ம ஊர்ப் பேச்சு. யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அடுத்த நிமிஷமே ஜிபேயில் பணம் போய்விட்டது.

வந்தது ஃப்ளெக்ஸ். கல்யாண மண்டப வாசலில் கட்டுவார்களே, அதே சரக்கு. வானம் சாம்பல் நிறம், தூண்கள் கட்டம் கட்டமாக.

என் அக்கா மகன் பார்த்ததும் சிரித்துவிட்டான். அது 1995-இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படமாம். அதிலிருந்த கேமராவின் அமைப்பால் மேலே வலது மூலை படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டுக் கறுப்பாக இருக்கும். விற்றவன் அந்த இடத்தில் நட்சத்திரங்களை ஒட்டி நிரப்பியிருக்கிறான், ஒரே கூட்டத்தையே திரும்பத் திரும்ப! மார்கழிக் கதை அதைவிட அநியாயம். அந்த மாதம் சூரியனே கழுகு நெபுலா இருக்கும் திசையில்தான் நிற்கிறது. விடிய விடிய முழித்திருந்தாலும் அது கண்ணில் படாது.

கேட்டதற்கு முதலில் "கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க" என்றான். அப்புறம் "கூரியர்ல மாறியிருக்கும்". அப்புறம் பிளாக். ஆப்காரர்களிடம் புகார் கொடுத்தால், விற்பவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று ஒரு மெஷின் பதில். 8,500 ரூபாய்க்கு இதுதான் மரியாதை.

வாங்குகிறவர்கள் கவனிக்க: ஹப்பிள், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிகளின் படங்களை நாசா தளத்தில் இலவசமாகவே இறக்கலாம், உள்ளூர்க் கடையில் கொடுத்து பிரிண்ட் போடுங்கள். நானே எடுத்தது என்கிறவனிடம் எடிட் செய்யாத மூலப்படத்தைக் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே தராதீர்கள். இன்னும் எழுத நினைத்தேன், சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு இப்போதுதான் லைன் கிடைத்திருக்கிறது, பேசிவிட்டு வருகிறேன்.