மணி பிளாண்ட் இலையில் புள்ளி: வேப்பெண்ணெயா, காப்பரா, சூடோமோனாஸா?

ஐப்பசி அடைமழை தொடங்கிய வாரத்தில் எங்கள் சமையலறை ஜன்னலோர மணி பிளாண்டில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. மாடித்தோட்டம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் வேப்பெண்ணெய்தான். நானும் நான்கு வாரம் விடாமல் தெளித்தேன். புள்ளிகள் கூடின.

மருந்து வாங்கும் முன் இலையைப் பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். காய்ந்த வட்டப் புள்ளி, உள்ளே வளையம் வளையமாகக் கோடுகள், நடுவில் ஊசிமுனை அளவுக் கறுப்பு மணிகள் என்றால் அநேகமாகப் பூஞ்சை. எண்ணெய் பட்ட காகிதம்போல் நீர் கோத்து, சுற்றிலும் மஞ்சள் படர்ந்து, ஓரிரு நாளில் பெருகினால் பாக்டீரியா; சில நேரம் அழுகல் நாற்றமும் வரும். வெளிர்ப் பொட்டுகளும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் செஞ்சிலந்தி. வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டினால் அவை ஊர்வது தெரியும். வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்து, பிறகு பரவாமல் நின்றுவிட்டால் அது வெயில் சுட்ட தழும்பு, மருந்தே வேண்டாம். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்து கீழ் இலைகள் மஞ்சளானால் வேரைப் பாருங்கள், இலையை விட்டுவிடுங்கள்.

என் செடியில் இருந்தது வளையப் புள்ளி, அதாவது பூஞ்சை.

வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி எடுத்துக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு அடித்தால் மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் செஞ்சிலந்திக்கும் நன்றாகக் கேட்கும். இலைப்புள்ளிக்கு அதை நம்ப முடியாது. பூஞ்சையின் வித்து முளைக்க இலைமேல் பல மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். இரவில் தெளித்துவிட்டு ஜன்னலையும் சாத்திய நான் அந்த ஈரத்தை என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். இது தெரிந்தபோது மிகவும் வருந்தினேன்.

காப்பர் ஆக்சி குளோரைடு என்னும் செம்புப் பூஞ்சைக்கொல்லி வேறு ரகம். 1885இல் பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களிலிருந்து தாவரவியலாளர் மில்லார்டே வெளியிட்ட மயில்துத்த (காப்பர் சல்பேட்), சுண்ணாம்புக் கலவையின் வழிவந்தது. லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து அடித்தால் இலைமேல் படலமாக நின்று புதிய வித்து முளைப்பதைத் தடுக்கும். உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சையை விரட்டாது. பாக்டீரியாவையும் இது ஓரளவு கட்டுப்படுத்தும். ஆனால் சமையலறையில் இதைத் தெளிக்க நான் ஒப்பமாட்டேன். கையுறை போட்டு, செடியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், குழந்தைகள் இல்லாத நேரத்தில் அடிக்க வேண்டிய மருந்து இது.

சூடோமோனாஸ் நோய்ப் பூஞ்சையை எதிர்க்கும் நன்மை பாக்டீரியா, உயிருள்ள நுண்ணுயிர். ஆகவே தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். பழைய பொட்டலத்தில் அதைக் கலந்து விற்கும் டால்க் மாவுதான் மிஞ்சியிருக்கும். லிட்டருக்கு 5 கிராம், வெயில் தாழ்ந்தபின், காற்றோட்டமான இடத்தில். காப்பரோடு சேர்த்துக் கலக்கக் கூடாது, காப்பர் அதைக் கொன்றுவிடும். பலன் மெதுவாகத்தான் தெரியும், ஆனாலும் வீட்டுக்குள் வளரும் செடிக்கு என் தேர்வு இதுதான்.

இலைப்புள்ளிக்குச் சிலர் சொல்லும் சமையல் சோடாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் சோடியம் சிறிய தொட்டி மண்ணில் தங்கிவிடும்.

மேலே சொன்ன மூன்று மருந்துகளையும்விட எனக்கு அதிகம் உதவியது கத்தரிக்கோல். புள்ளி விழுந்த இலை எந்த மருந்துக்கும் பழையபடி பச்சையாகாது. அதை வைத்துக்கொண்டிருப்பது வித்துக்களைப் பக்கத்து இலைக்குத் தானம் செய்வதற்குச் சமம். பதினோரு இலைகளை வெட்டினேன், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்தேன். பாத்திரம் கழுவும் தொட்டியின் சாரல் படாத இடத்துக்குச் செடியை நகர்த்தினேன். காலையில் மண்ணுக்கு மட்டும் தண்ணீர். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை சூடோமோனாஸ். மார்கழியில் விரிந்த இலைகள் சுத்தமாக வந்தன.

நீர் கோத்த அழுகல் தண்டுவரை இறங்கிவிட்டால் எந்த மருந்துக்கும் செலவழிக்காதீர்கள். நுனியில் நோய் தொடாத கணு இருந்தால் அதை வெட்டித் தனிப் பாட்டில் தண்ணீரில் வையுங்கள். மீதியை மண்ணோடு குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.